இன்னும் ஒன்பது மாதத்தில் ரிட்டையர்மென்ட். 20 லட்சத்தை என்ன செய்வது, என்னை என்ன செய்வது?

கணபதிக்காரன் (கோவை)

வணக்கம். எனக்கு 57 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். 1998 ஜூனில் சேர்ந்தேன். 2026 மே 31 அன்று, 58 முடிந்த கையோடு, வெளியே வருகிறேன்.

போன மாதம் எங்கள் அசெம்பிளி செக்‌ஷன் அண்ணன் ஒருவர் ஓய்வு பெற்றார். பொன்னாடை, சுவர்க்கடிகாரம், எல்லோருக்கும் மைசூர்பா, மிக்சர். எம்.டி. இரண்டு நிமிடம் பேசினார். அதற்கு இரண்டு நாள் கழித்து, லாக்கரில் விட்டுப்போன டிபன் கேரியரை எடுக்க அந்த அண்ணன் வந்தார். கேட்டில் புதிதாகச் சேர்ந்த செக்யூரிட்டி பையன். விசிட்டர் நோட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறான். பையன் மேல் தப்பில்லை, அவன் வேலை அது. 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் அண்ணன் என் பெயரை எழுதியிருக்கிறார். 31 வருடம் நடந்த கேட். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகு ஒரே இம்பெல்லரின் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) நடு ஓட்டையை மூன்று முறை அளந்துகொண்டிருந்தேன்.

அன்று இரவுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 31,000. கைக்கு வருவது 33,000 சொச்சம். பி.எஃப்.பில் இன்றைக்கு 14 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது (2019-இல் மகள் கல்யாணத்துக்கு ஒரு தொகை எடுத்துவிட்டேன், இல்லையென்றால் இன்னும் அதிகம் இருந்திருக்கும்). கிராஜுவிட்டி 5 லட்சம் வரும் என்கிறார்கள். பேங்கில் 3 லட்சம் டெபாசிட். சொந்த வீடு, இரண்டரை சென்ட். மாடி போர்ஷனில் வாடகை 6,500. கடன் இல்லை. மாதச் செலவு 27,000. அதில் என் சுகர் மாத்திரையும் வீட்டுக்காரம்மாவின் முழங்கால் வைத்தியமும் அடக்கம். பென்ஷன் 6,428 வரும் என்று ஹெச்.ஆரில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

பையனுக்கு 29 வயது. சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) ஓட்டுகிறான். கெட்டிக்காரன். செகண்ட் ஹேண்டில் ஒரு டர்னிங் மெஷின் 8 லட்சத்துக்கு வருகிறதாம். 'உங்க பணம் வந்ததும் போட்டுடலாம்ப்பா' என்கிறான். கேட்கும்போது மறுக்க வாய் வரவில்லை. இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர் அன்னூர் பக்கம் சைட் காட்டுகிறேன் என்று தினம் போன் போடுகிறார். எனக்கு எப்போது பணம் வரும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பணத்தை எங்கே போடுவது, பையனுக்குக் கொடுக்கலாமா, இந்த இரண்டும்தான் முதலில் கேட்க நினைத்தது. இன்னொன்றும் இருக்கிறது, எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கு 7.10-க்கு வரும். ஜூன் 1 திங்கட்கிழமை. அன்றைக்கு 7.10-க்கு நான் எங்கே இருக்க வேண்டும்?

டைம் ஆபீஸ் பழசு

சார், முதலில் அந்த 6,428-ஐ மறந்துவிடுங்கள். உங்கள் ஹெச்.ஆர். 15,000-த்தை 30 ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுத்திருக்கிறார். 28 வருட சர்வீசுக்கு 2 வருடம் போனஸ் சேர்த்து 30. வாய்பாடு சரி, ஆனால் பென்ஷன் கணக்குக்கான சம்பளத்துக்கு 15,000 என்ற உச்சவரம்பு வந்ததே 2014 செப்டம்பரில்தான். அதற்கு முன்னால் இருந்த சர்வீசுக்கு 6,500-தான் கணக்கு.

உங்களுக்கு 2014 ஆகஸ்ட் வரை 16 வருடம் 3 மாதம். அதற்கு 1,509 ரூபாய். அப்புறம் 11 வருடம் 9 மாதம். அதற்கு 2,518. கூட்டினால் 4,027. போனஸ் இரண்டு வருடத்தையும் சேர்த்தால் 4,200-ஐக் கொஞ்சம் தாண்டும். அவ்வளவுதான். இதற்குப் பஞ்சப்படி கிடையாது. 75 வயதிலும் இதே தொகைதான் வரும். உங்களுக்குப் பின்னால் வீட்டம்மாவுக்கு இதில் பாதி.

58-இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு லட்சம் ரூபாயை விட்டுவிட்டு மாதம் 340 ரூபாய் கூடுதலாக வாங்குவீர்கள். விட்டதைப் பிடிக்க 25 வருடம் ஆகும். வேறு வருமானம் இருந்தால் யோசியுங்கள். நானாக இருந்தால் 58-இலேயே பென்ஷன் கேட்கும் 10-டி படிவத்தைப் போட்டுவிடுவேன்.

கிராஜுவிட்டி சரியாக இருக்கிறது. 31,000-த்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்கினால் 5,00,769. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

இதையெல்லாம்விட அவசரம் ஒன்று. இன்றைக்கே பி.எஃப். கணக்கைப் பார்க்கும் யு.ஏ.என். போர்ட்டலைத் திறந்து உங்கள் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், சேர்ந்த தேதி எல்லாம் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் எமன். கம்பெனி ரெக்கார்டில் முன்னால் 'கே' இருக்கும், ஆதாரில் பின்னால் 'கருப்பண்ணன்' என்று முழுசாக இருக்கும். நான் 22 வருடம் டைம் ஆபீஸில் இருந்தவன். பணம் தாமதமானவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு எழுத்தால்தான் அலைந்தார்கள். நீங்கள் வேலையில் இருக்கும்போது திருத்தினால் ஹெச்.ஆர். பக்கத்து ரூமில் இருப்பார். வெளியே வந்த பிறகு நீங்களும் விசிட்டர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். (தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.) நாமினேஷனையும் ஆன்லைனில் போட்டுவிடுங்கள்.

உங்கள் கம்பெனியில் இ.எஸ்.ஐ.க்குள் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இருக்கும் ஹெல்ப்பர்கள் யாராவது ஓய்வு பெற்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஐந்து வருடம் இன்ஷூர்டாக இருந்து வயது முடிந்து வெளியே வருகிறவர் வருடம் 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் வைத்தியம் தொடரும். பலருக்கு இது தெரிவதே இல்லை.

துவாக்குடி தாத்தா (திருச்சி)

தம்பி, நான் 2021-இல் வெளியே வந்தவன். ஃபேப்ரிகேஷன் கடையில் 33 வருடம். உங்கள் 7.10-க்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பணத்தைப் பற்றி, செய்த தப்பிலிருந்து சொல்கிறேன்.

சம்பளக்காரனுக்கு மொத்தமாகப் பணத்தைக் கையாளப் பழக்கமே இல்லை. மாதம் பிறந்தால் வரும், மாதக் கடைசியில் தீரும், இதுதான் 30 வருடப் பழக்கம். திடீரென்று பாஸ்புக்கில் ஏழு இலக்கம் நிற்கும்போது நாம் பணக்காரன் ஆகிவிட்டதாகத் தோன்றும். ஆகவில்லை. அது அடுத்த 25 வருடத்துச் சம்பளம், ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதை மறுபடியும் மாதச் சம்பளமாக மாற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

நான் அப்படிச் செய்யவில்லை. பணம் வந்த மூன்றாம் வாரம் வேனில் ஏற்றிக்கொண்டு போய் சைட் காட்டினார்கள். வேனுக்குள் ஏ.சி. இறங்கின இடத்தில் ஷாமியானா, சிக்கன் பிரியாணி, கையில் மஞ்சள் பை. என்னோடு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப்போலத் தலை நரைத்தவர்கள் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். 7 லட்சம் போட்டேன். சைட் இன்னும் அங்கேயே இருக்கிறது, யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. சீமைக்கருவேலம் நன்றாக வளர்ந்திருக்கிறது. வீட்டில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றபோது விற்கப் பார்த்தேன், போட்ட காசுக்குக்கூட ஆள் வரவில்லை. கடைசியில் மச்சானிடம் கைமாற்று வாங்கினேன். 61 வயதில் கைமாற்று.

மிச்சமிருந்ததைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். இன்றைக்கும் அரிசி வாங்குவது அந்த வட்டியில்தான். உங்களுக்கு 60 ஆகாவிட்டாலும் கவலை வேண்டாம். 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இதில் சேரலாம். கம்பெனியிலிருந்து அதற்கான சான்று வேண்டும், மே மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள். வட்டி இப்போது 8.2 சதவீதம், சேரும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்து வருடத்துக்கு. 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750. மாதத்துக்கு 10,250 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதம். நாலரை லட்சத்துக்கு மாதம் 2,775. அப்புறம் டைம் ஆபீஸ்காரர் சொன்ன 4,200, வாடகை 6,500. கூட்டிப் பாருங்கள், 23,700 சுமார். 27,000-த்துக்கு மூவாயிரம் துண்டு விழுகிறது. அதிலும் வட்டிக்கு டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். உங்கள் வருமானத்துக்கு வரி வராது, அதனால் பிடிக்க வேண்டாம் என்று உறுதிப் படிவம் கொடுத்துவிட வேண்டும்.

இப்போதிலிருந்தே 23,700-இல் வாழ்ந்து பாருங்கள். மிச்சத்தை ஆர்.டி.யில் போடுங்கள். எது இடிக்கிறது என்று மே மாதத்துக்குள் தெரிந்துவிடும். அந்த 3 லட்சத்தை மட்டும் தொடாதீர்கள், அது ஆஸ்பத்திரிப் பணம்.

ஆஸ்பத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் நீங்கள் வெளியே வரும் அன்றே முடிந்துவிடும். தனி பாலிசியை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சுகருக்கும் முழங்காலுக்கும் மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அந்த எண்ணிக்கை பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் ஓடும். சுகரை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தவர்கள் கிளெய்ம் நேரத்தில் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

பையன் விஷயத்தில் நான் வாய் திறக்கமாட்டேன். சொன்னால் என் மருமகன் கதையும் வரும்.

வெளியே வந்தபின் ஒரு சின்னப் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்க நாலு மணி நேர வேலைக்குப் போனேன். இரண்டு மாதம். ஓனர் என் மகனைவிடச் சின்னவன், நல்ல பையன்தான், ஆனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அவனிடம் கேட்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டேன். இப்போது காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி (அவர்களுக்கு 86), பேப்பர் படித்து, மதியம் தூங்குகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆயுத பூஜை அன்றைக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

ஓ.எம்.ஆர். வாசி

அங்கிள், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் போஸ்ட் ஆபீஸில் போட்டால் பத்து வருடத்தில் விலைவாசி அதைத் தின்றுவிடும். 23,700 அப்படியே இருக்கும், பால் விலை அப்படியே இருக்குமா? ஒரு 4 லட்சத்தையாவது நல்ல மியூச்சுவல் ஃபண்டில் போட்டு ஏழெட்டு வருடம் மறந்துவிடலாமே.

துவாக்குடி தாத்தா (திருச்சி)

நீங்கள் சொல்வது கணக்குப்படி சரி தம்பி. ஆனால் மறந்துவிட அவரிடம் 4 லட்சம் தனியாக இல்லை. மார்க்கெட் இறங்கின வாரத்தில்தான் முழங்கால் ஆபரேஷன் வரும், என் வீட்டில் அப்படித்தான் வந்திருக்கும். உங்களுக்கு வயது முப்பது சொச்சம் இருக்குமா? நீங்கள் போடுங்கள், இன்றைக்கே.

மில்லுக்காரர் வீட்டம்மா (சேலம்)

தம்பி, எல்லோரும் உங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். உங்கள் வீட்டம்மாவிடம் யாராவது கேட்டார்களா?

எங்க வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரி. மூன்று ஷிஃப்ட் மாறி மாறி 34 வருடம். ஓய்வு பெற்ற முதல் வாரம் வீட்டில் பட்சணம்தான் போங்கள். இரண்டாம் வாரம் ஃபிரிட்ஜைத் திறந்து 'இது எத்தனை நாள் பழசு' என்று கேட்க ஆரம்பித்தார். மூன்றாம் வாரம் என் அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்த இடத்தில் சீரகம் இருந்தது. 'அடிக்கடி எடுக்கிறது முன்னால இருக்கணும்' என்றார். மில்லில் பாபின் அடுக்கினவர் இல்லையா.

காலை பதினோரு மணியிலிருந்து ஒன்றரை வரை எனக்கென்று ஒரு நேரம் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவோடு திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுவேன், பேசுவேன், சில நாள் சும்மா படுத்திருப்பேன். முப்பது வருடமாக அது எனக்குக் கிடைத்த ரிட்டையர்மென்ட். இவர் வந்ததும் அது போயிற்று. பதினோரு மணிக்கு டீ. பன்னிரண்டுக்கு 'என்ன குழம்பு?' அக்காவும் வருவதை நிறுத்திவிட்டாள்.

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லியேவிட்டேன்: பதினோரு மணிக்கு நீங்க வெளியே போயிட்டு ஒன்றரைக்கு வாங்க, எங்கே போறீங்கன்னு நான் கேட்கமாட்டேன். முகம் சுண்டிப்போய்விட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். இப்போது லைப்ரரி, ரேஷன் கடை, இ.பி. பில், தெருவில் நாலு வீட்டு வயசானவர்களுக்கு பேங்க் சலான் எழுதிக் கொடுப்பது என்று ஓடுகிறது. ஒன்றரைக்கு வந்து ஊர்க்கதையெல்லாம் சொல்வார். எனக்கும் கேட்க நன்றாக இருக்கிறது.

இன்னொன்று. என் தங்கை வீட்டுக்காரர் போன வருடம் திடீரென்று போய்விட்டார். எந்த பேங்கில் என்ன இருக்கிறது, ஏ.டி.எம். நம்பர் என்ன, பி.எஃப். ஆபீஸ் எங்கே இருக்கிறது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. துக்க வீட்டில் பீரோவைத் துழாவிக்கொண்டிருந்தோம். தபால் நிலையக் கணக்கை இரண்டு பேர் பெயரிலும் போடுங்கள். பணம் போடப் போகும்போது உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் கவுன்டரில் அவர் கையால் கொடுக்க வையுங்கள்.

கணபதிக்காரன் (கோவை)

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் ஆயிற்று, சும்மா நன்றி மட்டும் சொல்ல வேண்டாம் என்றுதான் காத்திருந்தேன்.

டைம் ஆபீஸ் அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. பி.எஃப்.பில் என் அப்பா பெயரில் ஒரு 'ச்' குறைவு. பிறந்த தேதி சரி. திருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறேன், ஹெச்.ஆர். பையன் பக்கத்து ரூமில்தான் இருக்கிறான்.

23,700-இல் வாழ்ந்து பார்த்தேன் தாத்தா. முதல் மாதமே தோற்றேன். 28,150. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினோம். மளிகை, பால், மாத்திரை எல்லாம் நினைத்ததுக்குள்தான். கவிழ்த்தது மொய். ஆவணி முகூர்த்தம், நாலு கல்யாணம், ஒரு காதுகுத்து. மொத்தம் 4,600. நீங்கள் யாருமே அதைக் கணக்கில் சொல்லவில்லை! நானும் நினைக்கவில்லை. நாங்கள் வாங்கியது 2019-இல், திருப்பிச் செய்ய வேண்டியது இன்னும் ஒரு நோட்டு நிறைய இருக்கிறது. வீட்டுக்காரம்மா அந்தப் பழைய மொய் நோட்டை எடுத்து யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பென்சிலில் குறித்துக்கொண்டிருக்கிறாள். கம்பெனிக் கூட்டாளிகள் முக்கால்வாசிப் பேருடைய பிள்ளைகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கென்று ஆர்.டி.யில் மாதம் ஆயிரம் தனியாகப் போடுவதாக முடிவு.

சேலத்து அக்கா, உங்கள் பதிலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அஞ்சறைப் பெட்டிக்கு ரொம்ப நேரம் சிரித்தாள். 'உனக்கும் பதினோரு மணி இருக்கா' என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போனாள். இருக்கிறது போல.

சைட்காரருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். இப்போது சகலையின் நம்பருக்குப் போன் போடுகிறார்.

7.10 பற்றி இன்னும் ஒன்றும் புரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த அசெம்பிளி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கடிகாரத்தை ஹாலில் மாட்டியிருந்தார். காலை ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்விடுவாராம். அங்கிருந்து பஸ் தெரியாது, ஹாரன் மட்டும் கேட்கும் என்றார்.

பையனிடம் இன்னும் பேசவில்லை. போன வாரம் அந்த மெஷினைப் பார்க்க என்னையும் கூட்டிப் போனான். என் டயல் கேஜை எடுத்துக்கொண்டுதான் போனேன். ஸ்பிண்டில் (மெஷினின் சுழலும் தண்டு) 40 மைக்ரான் ஆட்டம் காட்டியது. அவனுக்கே தெரிந்தது, ஆனாலும் என் முகத்தைத்தான் பார்த்தான். பேரம் பேசிக் குறைக்கலாம், ஸ்பிண்டிலைச் சரிசெய்து ஓட்டலாம். அதுவெல்லாம் எனக்கு அத்துப்படி. 8 லட்சம் கொடுத்தால் எனக்கு மாதம் ஐயாயிரத்துக்கு மேல் குறையும் என்பதையும் அவனிடம் நோட்டோடு காட்ட வேண்டும். பேங்க் லோனுக்கு எவ்வளவு முன்பணம் கேட்பார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான்.